பழைய காரும் ஒரு மீட்டர் மேட்டரும்

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போற நம்மாளு முதல்ல வண்டியைச் சுத்தி ஒரு ரவுண்டு வருவார். டயரை ஒரு உதை உதைப்பார். (எதுக்குன்னு உதைக்கிறவருக்கும் தெரியாது, விக்கிறவருக்கும் தெரியாது.) அப்புறம் ஜன்னல் வழியா டேஷ்போர்டை எட்டிப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார். "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?"

பதில் எப்பவும் ரெடியா இருக்கும். "முப்பத்தெட்டாயிரம்தான் சார். சிங்கிள் ஓனர். டாக்டர் வண்டி. வீட்டுக்கும் கிளினிக்குக்கும் போனதோட சரி." நம்ம ஊர்ல விக்கிற பழைய கார்ல பாதி டாக்டர் ஓட்டினது, மீதிப் பாதி ரிட்டயர் ஆன பேங்க் மேனேஜர் ஓட்டினது. அப்போ மத்தவங்க எல்லாம் ஓட்டுற கார் கடைசியில எங்கதான் போகுது? :-)

என் கட்சி இதுதான். ஒரு பழைய கார்ல கம்மியான செலவுல மாத்தக்கூடிய விஷயம் அந்த மீட்டர் நம்பர்தான். டிங்கரிங் பெயிண்ட் வேலைக்குக் கூட அதைவிட அதிகம் செலவாகும். விக்கிறவர் நினைச்சா ஒரு மத்தியானத்துல மாத்திடக்கூடிய ஒரு நம்பரை நம்பி நாம லட்சக்கணக்குல விலை பேசுறோம். அதனால நம்பரை வாங்காதீங்க, வண்டியை வாங்குங்க.

எப்படி மாத்துறாங்கன்னு கேட்பீங்க. அம்பாசடர், ஃபியட் காலத்துல மீட்டர்ங்கறது பல்சக்கரம். கியர்பாக்ஸ்ல இருந்து ஒரு கேபிள் வந்து சுத்தும். கேபிளைக் கழட்டிட்டு ஓட்டினா மீட்டர் தூங்கும். இல்லன்னா மீட்டரையே கழட்டி எண் சக்கரங்களைக் கையால திருப்பி வைப்பாங்க. அந்தத் திருட்டுல ஒரு வசதி இருந்தது. திரும்ப மாட்டும்போது எண்கள் ஒரே வரிசையில உக்காராது, ஒண்ணு ஏறி ஒண்ணு இறங்கி நிக்கும். கண்ணாலயே பிடிச்சிடலாம்.

டிஜிட்டல் மீட்டர் வந்ததும் இனிமே யாரும் ஏமாத்த முடியாதுன்னு நிறைய பேர் நினைச்சாங்க. நடந்தது தலைகீழ். மீட்டர் போர்டுல இருக்கிற ஒரு சின்ன மெமரி சிப்லதான் அந்த எண் இருக்கு. லேப்டாப்பும் அதுக்கான கருவியும் வெச்சிருக்கிறவர் அதுல எந்த எண்ணை வேணும்னாலும் எழுதிடலாம். ஸ்க்ரூ டிரைவர் தடம் கூட இருக்காது. ஒரு லட்சத்து இருபதாயிரம் ஓடின வண்டி நாப்பத்தஞ்சாயிரம் ஓடினதா மாறிடும். எண்ணும் பளிச்சுன்னு நேரா நிக்கும்.

"சரிப்பா, கூடக் கொஞ்சம் காசு போகும், அவ்வளவுதானே?"ன்னு சிலர் கேப்பாங்க. காசு மட்டும்னா நானும் இவ்வளவு நீட்டி முழக்க மாட்டேன். வண்டியோட பராமரிப்பு மொத்தமும் அந்த நம்பரை வெச்சுத்தான் ஓடுது. சில இன்ஜின்ல டைமிங் செயின், சிலதுல டைமிங் பெல்ட். பெல்ட்டுன்னா இத்தனை கி.மீ.க்கு ஒரு தடவை மாத்தியே ஆகணும்னு கம்பெனி புத்தகத்துல போட்டிருக்கும். ஒரு லட்சத்துல மாத்த வேண்டிய பெல்ட்டுன்னு வெச்சுக்குங்க. மீட்டர் 45,000 காட்டுது, இன்னும் 55,000 இருக்குன்னு நீங்க நிம்மதியா இருப்பீங்க. நிஜத்துல அது 20,000 கி.மீ. முன்னாடியே போயிருக்க வேண்டிய பெல்ட். அது ஓடும்போது அறுந்தா பல இன்ஜின்கள்ல வால்வும் பிஸ்டனும் மோதிக்கும். நடு பைபாஸ்ல, ராத்திரி பதினோரு மணிக்கு, பின்சீட்ல பிள்ளைங்க தூங்கிட்டு இருக்கும்போது வண்டி செத்துப் போச்சுன்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. பிரேக், சஸ்பென்ஷன், கிளட்ச் எல்லாத்துக்கும் இதே கதைதான். மீட்டரைக் குறைக்கிறவன் அந்த வண்டியோட மெடிக்கல் ரிப்போர்ட்டையே திருத்துறான்.

இனி கண்டுபிடிக்கிற வழி. இதுல ஒண்ணை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க. நாலஞ்சு சாட்சியை விசாரிக்கிற மாதிரி விசாரிங்க. எல்லாரும் ஒரே கதையைச் சொல்றாங்களான்னுதான் பார்க்கணும்.

1) முதல் சாட்சி, பேப்பர்.

கம்பெனி சர்வீஸ் சென்டர்ல ஒவ்வொரு தடவை வண்டி விடும்போதும் ஜாப் கார்டுல தேதியும் மீட்டர் ரீடிங்கும் ஏறும். அது அவங்க கம்ப்யூட்டர்லயும் இருக்கும். வண்டியை விக்கிறவரைக் கூட்டிட்டு சர்வீஸ் சென்டருக்கே போங்க. இல்லன்னா அவர் போன்ல இருக்கிற கம்பெனி ஆப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்க. பார்க்க வேண்டியது ரெண்டு விஷயம். ரீடிங் ஒவ்வொரு தடவையும் ஏறிட்டே போகுதா? எந்த வேகத்துல ஏறுது? 2019-ல 10,000, 2020-ல 22,000, 2021-ல 41,000, அப்புறம் சர்வீஸ் ரெக்கார்டே இல்லாம இன்னிக்கு 46,000னா, நடுவுல அந்த வண்டி என்ன சாமியாரா போயிடுச்சு? "அதுக்கப்புறம் வெளி மெக்கானிக்கிட்ட பார்த்தோம் சார்"னு சொல்வாங்க. பார்த்திருக்கலாம், தப்பில்லை. அந்த பில்லைக் கேளுங்க.

இன்னொரு நல்ல சாட்சி ஃபாஸ்டேக் கணக்கு. "சிட்டிக்குள்ள மட்டும் ஓடின வண்டி"ன்னு சொல்றவர்கிட்ட டேக் கொடுத்த பேங்கோட ஸ்டேட்மென்ட்டைக் கேளுங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை பரனூர், விக்கிரவாண்டி, சமயபுரம்னு வரிசையா இருந்தா அந்த வண்டி சென்னைக்கும் திருச்சிக்கும் நடுவுல குடித்தனமே நடத்தியிருக்குன்னு அர்த்தம்.

2) டயர்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச சாட்சி இது. டயர் பக்கவாட்டுல ஒரு நீள்வட்டத்துக்குள்ள நாலு இலக்க எண் இருக்கும். 1422னா 2022-ம் வருஷம் 14-வது வாரம் செய்த டயர். இப்போ வண்டி 2019 மாடல், மீட்டர்ல 34,000ன்னு வெச்சுக்குங்க. நாலு டயரும் 2022-ல செய்தது. சாதாரணமா கார் டயர் 40,000, 50,000 கி.மீ. வரைக்கும் உழைக்கும். அப்போ முதல் செட் அதுக்கு முன்னாடியே ஏன் போச்சு? சரி, மாத்தின இந்த செட்டும் வழுக்கையா இருந்தா? ரெண்டு செட் டயரைத் தின்ன வண்டி 34,000 மட்டும் ஓடியிருக்குமா? கணக்கை நீங்களே போட்டுக்குங்க.

ஸ்டெப்னியையும் மறக்காம பாருங்க. பல வண்டியில வாங்கினப்போ வந்த ஸ்டெப்னி அப்படியே டிக்கியில கிடக்கும். அதோட தேதியையும் மத்த நாலோட தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்க. ஒரே ஒரு டயர் மட்டும் புதுசுன்னா ஏதோ ஆணி கீணி கிழிச்சிருக்கும், விட்டுடலாம். அஞ்சாறு வருஷம் ஆச்சுன்னு ரப்பர் வெடிச்சதால மாத்துறவங்களும் உண்டு. அதனாலதான் சொல்றேன், ஒரே சாட்சியை வெச்சுத் தீர்ப்பு எழுதாதீங்க.

3) உள்பக்கம்.

வெளியில பாலிஷ் போட்டு மினுக்கிடலாம். ஆனா மனுஷன் கையும் காலும் பட்ட இடத்தை மறைக்கிறது கஷ்டம். பிரேக், கிளட்ச் பெடல் ரப்பர், கியர் நாப், ஸ்டியரிங்ல கை பிடிக்கிற இடம், டிரைவர் சீட்டுல ஏறி இறங்கும்போது உரசுற ஓரம், டிரைவர் பக்கம் பவர் விண்டோ பட்டன், ஆக்சிலரேட்டர் கீழ குதிகால் படுற கார்ப்பெட். எல்லாத்தையும் தொட்டுப் பாருங்க. 35,000 ஓடின வண்டியில பெடல் ரப்பர் வரி அழிஞ்சு வழவழன்னு இருக்காது. டிரைவர் சீட் பெல்ட்டை முழுசா வெளிய இழுத்துப் பாருங்க. ஓரம் நூல் பிரிஞ்சு, விட்டா மெதுவா சோம்பேறித்தனமா உள்ள போச்சுன்னா அது நிறைய வேலை பார்த்த பெல்ட்.

இதுக்கு நேர் எதிரும் உண்டு. வண்டி மொத்தமும் பழசா இருக்க, பெடல் ரப்பர், ஸ்டியரிங் கவர், சீட் கவர் மட்டும் நேத்து வாங்கின மாதிரி இருந்தா சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க. சீட் கவரைக் கொஞ்சம் தூக்கி அடியில பாருங்க. பானெட்டுக்குள்ளயும் கதவு ஓரத்துலயும் ஆயில் மாத்தினவங்க ஒட்டின "அடுத்த சர்வீஸ் இத்தனை கி.மீ." ஸ்டிக்கர் இருக்கான்னும் பாருங்க. மீட்டரைக் குறைக்கிறவங்க இந்தத் துண்டு ஸ்டிக்கரைக் கிழிக்க மறந்துடுறது உண்டு.

4) ஸ்கேனர்.

இது கொஞ்சம் டெக்னிகல், ஆனா எளிமை. கடந்த பத்து வருஷக் கார்கள்ல ஸ்டியரிங் அடியில ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். போனோட புளூடூத்துல பேசுற மலிவான ஸ்கேனரே போதும். அதுல "பிழைக் குறியீடுகளை அழிச்ச பிறகு ஓடின தூரம்"னு ஒரு தகவல் வரும். இதை இன்ஜின் கம்ப்யூட்டர் தனியா எண்ணுது, மீட்டர் போர்டை மட்டும் திருத்தினவர் இதைத் தொட்டிருக்க மாட்டார். மீட்டர் 32,000 காட்டும்போது இது 48,000 காட்டினா, அப்புறம் பேச்சே கிடையாது, கும்பிடு போட்டுட்டுக் கிளம்பிடுங்க. ஆனா இந்தக் கணக்கு 65,535-ல நின்னுடும், அதுக்கு மேல எண்ணாது. ரொம்பக் கம்மியா காட்டினா வண்டி நல்லதுன்னும் அர்த்தம் இல்லை, சமீபத்துல யாரோ அழிச்சிருக்காங்கன்னுதான் அர்த்தம். ஏன் அழிச்சாங்கன்னு கேளுங்க. சில கார்கள்ல ஏ.பி.எஸ்., ஏர்பேக் மாதிரி மத்த கம்ப்யூட்டர்கள்லயும் கி.மீ. பதிவாகி இருக்கும். நல்ல ஸ்கேனர் வெச்சிருக்கிற மெக்கானிக் அதையும் எடுத்துக் கொடுப்பார்.

5) டி-போர்டு வண்டி.

டாக்ஸியா ஓடின வண்டியைப் பெர்மிட் சரண்டர் பண்ணி, வரி கட்டி ஓன் போர்டா மாத்துறது சட்டப்படி சரியான வேலைதான். அதைச் சொல்லி வித்தா தப்பே இல்லை. சொல்லாம, மீட்டரையும் குறைச்சு வித்தாதான் வில்லங்கம். ஒரு நாளைக்கு 200 கி.மீ., மாசம் 25 நாள்னு வெச்சாலே மாசம் 5,000. மூணு வருஷத்துல 1,80,000. அது டாக்டர் வண்டியா அவதாரம் எடுத்து வரும்போது மீட்டர் மட்டும் 42,000 சொல்லும். நம்பர் பிளேட்டுக்குப் பின்னாடியும் ஓரத்துலயும் மஞ்சள் பெயிண்ட் மிச்சம், டேஷ்போர்டுல ஏதோ மாட்டிக் கழட்டின ஓட்டை, பின் கண்ணாடியில ஸ்டிக்கர் உரிச்ச பசை, 80-க்கு மேல போகாம பிடிக்கிற வேகக் கட்டுப்பாட்டுக் கருவியோட ஒயர் மிச்சம்... இதையெல்லாம் தேடுங்க. ஆர்.சி.யில முதல் பதிவு தேதி, எத்தனையாவது ஓனர்ங்கறதையும் எம்பரிவாஹன் ஆப்ல சரிபார்த்துக்குங்க.

இவ்வளவும் நாமளே பார்க்கணும்னா அரசாங்கம் எதுக்குன்னு ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான்.

அமெரிக்காவுல 1972-லயே இதுக்குன்னு மத்திய சட்டம் வந்துடுச்சு. வண்டி கைமாறும்போது மீட்டர் ரீடிங்கை எழுத்துல கொடுக்கணும், பொய் சொன்னா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். அப்படியும் வருஷத்துக்கு 4,50,000-க்கு மேல வண்டி பொய் மீட்டரோட விக்குதுன்னு அவங்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையே மதிப்பிடுது. ஜெர்மனியில 2005-ல இருந்து மீட்டரைத் திருத்துறதே தனிக் குற்றம். எனக்குப் பிடிச்சது பெல்ஜியம் ஆளுங்க வழி. அங்க 2006-ல இருந்து கார்-பாஸ்னு ஒரு சான்றிதழ். வண்டி எந்த ஒர்க்ஷாப்புக்குப் போனாலும் அவங்க ரீடிங்கை ஒரு பொதுக் கணக்குல ஏத்தியே ஆகணும். விக்கும்போது அந்த வரலாற்றோட தாளை வாங்குறவர் கையில கொடுக்கணும். கொடுக்கலைன்னா வியாபாரத்தையே ரத்து பண்ணச் சொல்லி வாங்கினவர் கேக்கலாம்.

நம்ம ஊர்ல? மீட்டரைக் குறைச்சா இன்ன தண்டனைன்னு தனியா ஒரு பிரிவு கிடையாது. ஓனர் மாத்த நாம கையெழுத்து போடுற 29, 30-ம் நம்பர் படிவங்கள்ல இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் எல்லாம் கேப்பாங்க, மீட்டர் ரீடிங்குக்கு ஒரு கட்டம் இல்லை. 2022 டிசம்பர்ல மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, பழைய வண்டி வியாபாரிங்க ஆர்.டி.ஓ.கிட்ட அங்கீகாரம் வாங்கணும், வண்டி அவங்க கையில இருக்கும்போது எதுக்கு எங்க எவ்வளவு ஓடுச்சுன்னு மின்னணுப் பதிவேடு வைக்கணும்னு கொண்டு வந்தாங்க. 2023 ஏப்ரல் 1-ல இருந்து அமல். நல்ல ஆரம்பம்தான், ஆனா அது வண்டி கடைக்கு வந்த பிறகு உள்ள கதை. வர்றதுக்கு முன்னாடி நடந்த கதையை யார் எழுதி வெச்சிருக்கா?

இதுக்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம்ங்கறது என் கருத்து. வண்டி வெச்சிருக்கிற எல்லாரும் வருஷா வருஷம் புகைச் சான்றிதழுக்குப் போறோம், இன்சூரன்ஸ் புதுப்பிக்கிறோம். புகைச் சான்றிதழ் கொடுக்கிற இடத்துல வண்டியை நேர்லயே பார்க்கிறாங்க. அங்க மீட்டரையும் போட்டோ எடுத்து, ஆர்.சி. விவரம் காட்டுற அதே ஆப்ல வருஷ வாரியா காட்டிட்டா போதும். அஞ்சு வருஷ ரீடிங் கண்ணு முன்னாடி இருந்தா ஆறாவது வருஷம் எவனும் திருத்தத் துணிய மாட்டான்.

அது வர்ற வரைக்கும் ஏமாந்தவங்களுக்கு வழியே இல்லையான்னா, இருக்கு. தெரிஞ்சே மீட்டரைக் குறைச்சு வித்தா அது ஏமாற்றுதல். 2024 ஜூலை 1-ல இருந்து பாரதிய நியாய சன்ஹிதாவோட 318-வது பிரிவு. கன்சல்டிங் கடையில வாங்கியிருந்தா 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும். கொடுத்த விலை 5 லட்சம் வரைக்கும்னா மனுவுக்குக் கட்டணம் கூட இல்லை. ஆனா அங்க போய் நிக்கும்போது முதல் கேள்வி, "அவர் 38,000னு சொன்னதுக்கு என்ன ஆதாரம்?" வாயால சொன்னதுக்கு ஆதாரம் ஏது?

அதனால அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை பண்ணுங்க. டெலிவரி நோட்டுலயோ, ரசீதுலயோ இப்படி ஒரு வரி எழுதச் சொல்லுங்க: "இன்றைய தேதியில் மீட்டர் ரீடிங் இத்தனை கி.மீ. இது வண்டி உண்மையில் ஓடிய தூரம். மீட்டர் திருத்தப்படவோ மாற்றப்படவோ இல்லை." கீழ தேதி போட்டு கையெழுத்து. நேர்மையான பார்ட்டி யோசிக்காம போட்டுக் கொடுப்பார். அந்தக் கன்சல்டிங்காரர் நிஜமாவே தெரியாம வாங்கி விக்கிறவரா இருந்தா, "நான் வாங்கினப்போ இதுதான் ரீடிங், அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியாது சார்"னு உண்மையைச் சொல்வார். அதுவும் நல்லதுதான், விலையைக் குறைச்சுப் பேசலாம். "நம்பிக்கைதான் சார் முக்கியம், எழுத்தெல்லாம் எதுக்கு"ன்னு ஆரம்பிச்சா, டீயைக் குடிச்சுட்டு எழுந்து வந்துடுங்க.

கடைசியா நம்ம பக்கமும் ஒரு குத்தம் இருக்கு. 1,10,000 ஓடி, ஒழுங்கா சர்வீஸ் பண்ணி, எல்லா பில்லும் வெச்சிருக்கிற ஒரு வண்டியை உண்மையைச் சொல்லி விக்க வந்தா நாம என்ன பண்றோம்? "ஐயோ, லட்சத்தைத் தாண்டிருச்சா?"ன்னு போனை வெச்சிடுறோம். பக்கத்துலயே பில் எதுவும் இல்லாம 40,000ன்னு நிக்கிற வண்டிக்கு அறுபதாயிரம் எழுபதாயிரம் கூடக் கொடுக்கத் தயாரா இருக்கோம். உண்மை சொல்றவனுக்கு நஷ்டமும் பொய் சொல்றவனுக்கு லாபமும் நாமே கொடுத்தா, மீட்டர் பின்னாடிதான் சுத்தும். வருஷக்கணக்கா ஓடாம வெயில்ல நின்ன வண்டியைவிட, ஹைவேயில சீரா ஓடி, சரியா ஆயில் மாத்தின லட்சம் கிலோமீட்டர் வண்டி எவ்வளவோ மேல். பில்லைப் பார்த்து விலை சொல்லப் பழகுங்க மக்களே.

பி.கு.: பைக் வாங்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. முன் சக்கரத்துல இருந்து வர்ற மீட்டர் கேபிள் அறுந்து போய், மாத்த சோம்பேறித்தனப்பட்டு வருஷக்கணக்கா ஓட்டுற மகான்கள் நம்ம ஊர்ல நிறைய. அவங்க யாரையும் ஏமாத்த நினைக்கல, ஆனாலும் அந்த நம்பர் பொய்தான். அதனால பைக்குக்கு மீட்டரைப் பார்க்கவே பார்க்காதீங்க. செயின் ஸ்ப்ராக்கெட் பல்லு, ஃபுட்ரெஸ்ட் ரப்பர், ஹேண்டில் கிரிப், டயர் தேதி, காலையில முதல் ஸ்டார்ட்டுல வர்ற புகை, இது போதும். ஒரு நல்ல மெக்கானிக்குக் கொஞ்சம் கொடுத்தாவது கூடக் கூட்டிட்டுப் போங்க. அது கடைக்காரர் சொல்ற மெக்கானிக்கா இல்லாம, உங்க மெக்கானிக்கா இருக்கட்டும். :-)